ரோகு மீனின் தலைக்குள் ஒரு பூட்டு

ஜூன் பிறந்துவிட்டால் மும்பையில் மீன் சாப்பிடுகிற தமிழ்க் குடும்பங்களுக்குக் கொஞ்சம் திண்டாட்டம்தான். மகாராஷ்டிரக் கடலில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்குத் தடை. மீன்கள் இனம் பெருக்கும் காலம், கடலும் கொந்தளிப்பாக இருக்கும். வஞ்சிரமும் வாவலும் (இங்கே சுர்மாய், பாப்லெட்) கிடைக்காது. கிடைத்தாலும் ஐஸில் கிடந்து கண் குழி விழுந்திருக்கும், விலை மட்டும் பளபளவென்று இருக்கும். தாராவி கோலிவாடா பக்கம் போனால் கருவாடு கிடைக்கும். செம்பூர் மார்க்கெட்டில் அந்த இரண்டு மாதமும் ரோகு, கட்லா ராஜ்ஜியம். எல்லாம் ஆந்திராவின் கொல்லேறு ஏரிப் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து ஐஸ் பெட்டியில் லாரியேறி வந்தவை.

(மாட்டுங்கா மாமிகள் இந்த இடத்திலேயே எழுந்து போய்விட வேண்டாம். இன்றைக்குச் சமையல் குறிப்பு இல்லை, விஞ்ஞான வரலாறு. தைரியமாகப் படிக்கலாம் :-))

நம் ஊர்க்காரர்களுக்கு ரோகு மேல் பெரிய மரியாதை கிடையாது. எங்கள் வீட்டில் தங்கமணியின் தீர்ப்பு: "முள்ளு ஜாஸ்தி, சேத்து வாடை." கடல் மீனோடு ஒப்பிட்டால் நியாயமான தீர்ப்புதான். ஆனால் வங்காளி, பீகாரி நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கே வந்துவிடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நமக்கு அலட்சியமாக இருக்கும் இந்த மீன் 1957-க்கு முன்னால் பண்ணையில் குஞ்சு பொரித்ததே இல்லை. குளத்தில் விட்டால் வளரும். நன்றாகவே வளரும். இரண்டு மூன்று வருஷத்தில் பெண் மீனின் வயிறு நிறைய முட்டை, ஆண் மீனின் வயிற்றை லேசாக அழுத்தினால் பால் மாதிரி விந்து. எல்லாம் தயார். ஆனால் கூடாது, முட்டை விடாது. மழைக்காலம் முடிந்ததும் அந்த லட்சக்கணக்கான முட்டைகளையும் உடம்பு கரைத்துத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த வருஷமும் இதே கதை.

உடம்பில் குறை ஒன்றும் கிடையாது. சேர்க்கை நடக்காததற்குக் காரணம் தலைக்குள் இருந்தது. அது தெரியவும், அதைத் திறக்கும் சாவி கிடைக்கவும் உலகத்தின் நாலா பக்கமும் பல பேர் ஐம்பது அறுபது வருஷம் பாடுபட்டார்கள். அதில் நம் நாட்டு ஆட்களின் பங்கு பெரிது. மும்பைக்கும் ஒரு பங்கு உண்டு.

ஊர்ப்பக்கம் இருந்து வந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும். திருநெல்வேலிப் பக்கம் குளம் பெருகி மறுகால் பாய ஆரம்பித்தால் பையன்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். புதுத் தண்ணீரின் வாடை பட்டதும் மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து ஏறும், துள்ளும். துண்டை விரித்தே பிடிக்கலாம். "மழை பெஞ்சா மீனுக்குக் கிறுக்குப் பிடிக்கும்" என்பார்கள் பெரியவர்கள். அந்தக் கிறுக்குதான் இந்தப் பதிவின் விஷயமே. மழை, வெள்ளம், குளிர்ந்த தண்ணீர், ஓட்டத்தின் வேகம் இதெல்லாம் சேர்ந்து மீனின் மூளைக்கு "இப்போது" என்று சொல்கின்றன. விரால் மாதிரி சில மீன்களுக்குக் குளமே போதும், அங்கேயே முட்டையிட்டுக் குஞ்சைக் காவலும் காக்கும். கட்லா, ரோகு, மிரிகால் மூன்றும் ஆற்று மீன்கள். கங்கை, பிரம்மபுத்திரா மாதிரி பெரிய ஆறுகளில் தென்மேற்குப் பருவமழை வெள்ளம் வந்தால்தான் அவற்றின் மூளை அசையும். குளத்தில் வெள்ளம் ஏது? எனவே உத்தரவு வருவதே இல்லை.

அப்படியானால் அந்தக் காலத்தில் குளத்தில் விடக் குஞ்சு எங்கிருந்து வந்தது? ஆற்றிலிருந்து. வங்காளத்திலும் பீகாரிலும் வெள்ளக் காலத்தில் ஆற்றோரம் புனல் மாதிரி நுண்வலைகளைக் கட்டி, மிதந்து வரும் பொடிக் குஞ்சுகளை அள்ளுவார்கள். அதற்கென்றே ஊர்கள், குடும்பங்கள், வியாபாரிகள். ஹௌராவிலிருந்து பானைகளில் தண்ணீரோடு ரயிலேற்றி நாடு முழுக்க அனுப்புவார்கள். கூடவே ஒரு ஆள் உட்கார்ந்து வழியெல்லாம் பானையைக் குலுக்கிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் காற்று போதாமல் குஞ்சுகள் செத்துப்போகும். நடுவழி ஸ்டேஷனில் தண்ணீர் வேறு மாற்ற வேண்டும். இத்தனை கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தாலும் பானைக்குள் இருப்பது கட்லாவா, வாளையா என்று யாருக்கும் தெரியாது. மூன்று நாள் குஞ்சில் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். வாளைக் குஞ்சு நாலு கலந்திருந்தால் மற்றதைத் தின்று தீர்த்துவிடும். குளத்துக்காரர் பணம் கொடுத்து வாங்குவது ஒரு லாட்டரிச் சீட்டு.

மேற்கு வங்கத்தில் மிட்னாபூர், பாங்குரா மாவட்டங்களில் மட்டும் ஒரு தந்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மேட்டு நிலத்து மழைநீர் பாய்ந்து வந்து சேரும்படி கரை கட்டி, வெள்ளம் மாதிரி ஒரு சூழ்நிலையை உண்டாக்கினால் அங்கே மீன் முட்டையிடும். பந்த் என்று பெயர். பட்டறிவில் வந்த வித்தை. அதாவது மீனின் மூளையை ஏமாற்றலாம் என்று அந்த விவசாயிகளுக்கு விஞ்ஞானிகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் அப்படிப்பட்ட நிலம் அமையாதே.

இனி கொஞ்சம் தலைக்குள் போவோம். மீன் தலைக் குழம்பு வைக்கிறவர்கள் வீட்டில் தலையைப் பிளக்கும்போது கவனித்திருப்பீர்கள், உள்ளே வெள்ளையாகக் கொஞ்சம் மூளை இருக்கும். அந்த மூளையைத் தூக்கினால், அடியில், எலும்பில் ஒரு சின்னப் பள்ளத்துக்குள் ரவை அளவுக்கு ஒரு பொருள் ஒட்டியிருக்கும். அதுதான் பிட்யூட்டரி சுரப்பி. எடை சில மில்லிகிராம்தான் தேறும். நம் எல்லோர் தலையிலும் அது உண்டு. மூளை கொடுக்கும் உத்தரவைக் கேட்டு ரத்தத்தில் ஹார்மோனை விடுவது அதன் வேலை. அந்த ஹார்மோன் ரத்தத்தில் ஓடிப் போய்ச் சினைப்பையிலும் விரையிலும் இருக்கிற ஏற்பிகளில் உட்காரும். ஏற்பி என்றால் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஹார்மோன் சாவி. சாவி பொருந்தினால்தான் கதவு திறக்கும். திறந்தால்தான் முட்டை முற்றி வெளியே வரும்.

1930-ல் அர்ஜெண்டினாவில் பெர்னார்டோ ஹுசே என்பவர் ஒரு மீனின் பிட்யூட்டரியை எடுத்து அரைத்து, குட்டி போடும் இன்னொரு மீனுக்கு ஊசி போட்டார். நாள் வருவதற்கு முன்பே அது குட்டி போட்டுவிட்டது. (இவர் 1947-ல் நோபல் வாங்கினார், ஆனால் அது பிட்யூட்டரிக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்புக்காக.) அடுத்த சில வருஷங்களில் பிரேசிலில் ரொடோல்ஃபோ ஃபான் இஹெரிங் இதையே பண்ணைத் தொழிலுக்கு வழியாக்கினார். இந்தியாவில் 1930-களின் கடைசியில், பிரிக்கப்படாத பஞ்சாபில், ஹமீத் கான் என்பவர் மிரிகால் மீனுக்குப் பாலூட்டி விலங்கின் பிட்யூட்டரிச் சத்தை ஊசி போட்டுப் பார்த்தார். நல்ல முயற்சி, ஆனால் அது ஒரு முறையாக வளரவில்லை. பூட்டு-சாவிக் கதையை வைத்துப் பார்த்தால் இது ஆச்சரியமில்லை. பாலூட்டியின் சாவி கெண்டை மீனின் பூட்டில் சரியாக உட்காராது. நெருங்கிய சொந்தக்கார மீனின் சுரப்பி என்றால் வேலை கச்சிதம்.

சுதந்திரத்துக்குப் பிறகு இதைக் கையில் எடுத்தவர் ஹீராலால் சௌத்ரி. 1921-ல் சில்ஹெட் பக்கம் (இப்போது வங்காளதேசம்) பிறந்தவர். அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகம் போய் மீன் வளர்ப்பு படித்துத் திரும்பி, ஒரிசாவில் கட்டாக்கில் இருந்த மத்திய உள்நாட்டு மீன் ஆராய்ச்சி நிலையத்தின் குளப் பிரிவில் வேலை பார்த்தார். கூடவே கேரளத்துக்காரரான கே.எச்.அலிக்குஞ்ஞி. இதே காலத்தில் தெற்கிலிருந்து எல்.எஸ்.ராமசுவாமி, பி.ஐ.சுந்தரராஜ் என்ற இருவர் தேளி மீனை இதே வழியில் முட்டையிட வைத்து 1956-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். தேளி முள் குத்தி அனுபவப்பட்டவர்களுக்கு இவர்கள் மேல் தனி மரியாதை வரும் :-). சுந்தரராஜ் பிறகு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு மீன் ஹார்மோன்களைப் பற்றிப் பல வருஷம் ஆராய்ந்தார். இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இருவரையும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை. கெண்டைக்குச் சந்தை பெரிது, அதனால் புகழும் பெரிது, வேறென்ன?

கெண்டை சுலபத்தில் மசியவில்லை. சௌத்ரி முதலில் பொடி மீன்களில் செய்து பார்த்தார், அது நடந்தது. பெரிய கெண்டைகளில் எத்தனை மருந்து, எத்தனை முறை, எவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. குறைந்தால் ஒன்றும் நடக்காது. இதற்கெல்லாம் வருஷத்தில் ஒரே ஒரு பருவம்தான் வாய்ப்பு. மழைக்காலம் போனால் அடுத்த வருஷம்தான்.

1957 ஜூலை 10. ஒரிசாவில் அங்குல் என்ற ஊர். அன்றைக்குத்தான் ஊசி போட்ட கெண்டைகள் குளத்துக்குள் கட்டிய துணித் தொட்டியில் தாமாகவே கூடி முட்டையிட்டன. சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும் அதே வருஷம் கரண்ட் சயன்ஸ் இதழில் இதை எழுதினார்கள். இப்போது ஒவ்வொரு வருஷமும் ஜூலை 10-ஐத் தேசிய மீன் வளர்ப்போர் தினம் என்று கொண்டாடுகிறோம், 2001-லிருந்து. செம்பூர் மார்க்கெட்டில் அன்றைக்கு யாரும் பூ வைத்துக் கும்பிடுவதாகத் தெரியவில்லை, வைக்கலாம்.

இந்த முறை எவ்வளவு எளிமையானது என்பதைச் சொன்னால்தான் இதன் அழகு புரியும். மீன் சந்தைக்குப் போக வேண்டும். முற்றிய மீன்களின் தலையைப் பிளந்து அந்த ரவைத் துண்டை எடுக்க வேண்டும். சுத்தமான ஆல்கஹாலில் போட்டு, இருட்டுப் பாட்டிலில் வைக்க வேண்டும். தேவைப்படும்போது எடுத்துத் தண்ணீர் விட்டு அரைத்து, வடிந்த தெளிவை ஊசியில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, வெளிநாட்டு இயந்திரம் இல்லை, அந்நியச் செலாவணி இல்லை. 1957-ல் ஏழை நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பம் வேறு எது? யாரும் சாப்பிடாமல் கழித்துப் போட்டதிலிருந்துதான் மருந்தே கிடைத்தது. கல்கத்தாச் சந்தைகளில் சுரப்பி எடுப்பதே பிறகு ஒரு தொழிலாகிவிட்டது.

சாயங்காலம் பெண் மீனுக்கு முதல் ஊசி, கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் சுரப்பி. ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது, 5 முதல் 8 மில்லிகிராம். அப்போது ஆண் மீன்களுக்கும் ஒரு ஊசி. ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்று துணித் தொட்டிக்குள் விடுவார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகு ஆண்கள் பெண்ணை விரட்ட ஆரம்பிக்கும், மூக்கால் வயிற்றில் முட்டும், தண்ணீர் தெறிக்கும். விடியற்காலைக்குள் தொட்டி முழுக்க ஜவ்வரிசி மாதிரி முட்டை. ரோகு என்றால் தாய் மீனின் எடையில் கிலோவுக்கு இரண்டு லட்சம் முட்டைக்குக் குறையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் 14 முதல் 18 மணி நேரத்தில் குஞ்சு வெளியே வந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஊசி போட்டது முட்டையை முற்ற வைத்து வெளியேற்றும் ஹார்மோனை. அது சினைப்பைக்கு வேலை சொல்லும், சரி. ஆனால் விரட்டல், முட்டல், துள்ளல் இதெல்லாம் மூளையின் வேலையல்லவா? அதை யார் மூளைக்குச் சொன்னது? அங்குலில் இருந்தவர்களுக்கு மீன் கூடியது தெரியும், ஏன் கூடியது என்பது தெரியாது. அது தெரிய இன்னும் முப்பது வருஷம் ஆனது.

விடை கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மீனிலிருந்து வந்தது. நம் எல்லோருக்கும் தெரிந்த தங்க மீன்! பல் டாக்டர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நீந்துமே, அதேதான். (குர்லாவிலும் கிராஃபோர்ட் மார்க்கெட்டிலும் வாங்கலாம். சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர்.) கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் நார்மன் ஸ்டேஸி என்பவர் பெண் தங்க மீனுக்குப் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளை ஊசி போட்டார். முட்டை முற்றாத மீன் அது. இருந்தும் சில நிமிஷங்களில் முட்டையிடப் போகும் பெண் மாதிரி நடந்துகொண்டது. இயற்கையில் இது எப்படி நடக்கிறதென்றால், முட்டை சினைப்பையிலிருந்து விடுபட்டதும் உடம்பு புரோஸ்டகிளாண்டினைச் சுரக்கிறது, அது மூளையில் உள்ள ஏற்பியில் போய் உட்காருகிறது, மூளை நடத்தையை அவிழ்த்து விடுகிறது. இன்னும் வேடிக்கை, ஆண் மீனுக்கு அதே ஊசியைப் போட்டால் அதுவும் பெண் மாதிரி நடந்தது. அப்படியென்றால் இரண்டு விதமான ஆட்டத்துக்குமான மூளைச் சுற்று ஒரே மீனுக்குள் இருக்கிறது. எந்தச் சாவி வருகிறது என்பதுதான் கணக்கு.

ஆண் மீனுக்கு நடப்பது வேறு வழி. பெண் மீனின் உடம்பில் முட்டை முற்றும்போது உண்டாகும் ஒரு ஸ்டீராய்டு தண்ணீரில் கசிகிறது. ஆண் அதை மூக்கால் நுகர்கிறது. உடனே அதன் மூளை தன் பிட்யூட்டரிக்கு உத்தரவு போட, விந்து பெருகுகிறது. 1987-ல் நேச்சர் இதழில் வந்த கண்டுபிடிப்பு இது. ஆக, ஒரு மீனின் உடம்பில் ஓடும் ஹார்மோன் இன்னொரு மீனின் மூளைக்கும் சேதி சொல்கிறது. துணித் தொட்டிக்குள் இத்தனை நாடகமும் நடந்திருக்கிறது, நாம் தண்ணீர் தெறிப்பதை மட்டும் பார்த்திருக்கிறோம்.

புரோஸ்டகிளாண்டின் ஏற்பி உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா என்ற சந்தேகத்தை 2016-ல் ஸ்டான்ஃபோர்டில் தீர்த்து வைத்தார்கள். சிக்லிட் என்ற ஆப்பிரிக்க மீனில் (நம் ஊரில் ஜிலேபி என்கிறோமே, அதன் உறவுக்காரர்) அந்த ஏற்பிக்கான மரபணுவை மட்டும் வெட்டி எடுத்தார்கள். பெண் மீன் வளர்ந்தது, முட்டையும் உண்டானது. ஆனால் முட்டையிடும் நடத்தை மட்டும் வரவே இல்லை. சாவி இருந்தும் பூட்டு இல்லை.

சரி, குளத்து ரோகுவுக்குத் திரும்புவோம். அதன் மூளை ஏன் உத்தரவே போடவில்லை? இதற்கு முதலில் அந்த உத்தரவு என்ன பொருள் என்று தெரிய வேண்டும். 1971-ல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு பன்றி மூளைகளிலிருந்து அதைப் பிரித்து அமைப்பைக் கண்டுபிடித்தது. லட்சத்துக்கு மேல் பன்றி மூளைத் துண்டுகள் வேண்டியிருந்தன, அவ்வளவு நுணுக்கமான அளவு. அவருக்கும், ஆட்டு மூளைகளை வைத்துப் போட்டி போட்ட ரோஜர் கியுமாவுக்கும் 1977-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பத்தே அமினோ அமிலங்கள் கொண்ட சின்ன சங்கிலி அது. மூளை அதை விட்டால் பிட்யூட்டரி ஹார்மோனை விடும். அப்புறமென்ன, அதைச் செய்து மீனுக்குப் போட்டால் போதுமே? போட்டார்கள். கெண்டைகள் அரைகுறையாகத்தான் கேட்டன.

ஏன் என்பதைக் கண்டுபிடித்தவர் அதே ஆல்பர்ட்டாவில் இருந்த ரிச்சர்ட் பீட்டர். தங்க மீன் மூளையின் ஒரு பகுதியை அழித்தால் ஹார்மோன் குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஏறியது. அப்படியானால் அங்கிருந்து ஏதோ ஒன்று "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அது டோபமைன். கெண்டையின் மூளை ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்கிறது, ஒரு கால் ஆக்ஸிலேட்டரில், ஒரு கால் பிரேக்கில். வெள்ளம் வரும்போது பிரேக்கிலிருந்து கால் எடுக்கப்படுகிறது. குளத்தில் பிரேக் அப்படியே இருக்கிறது. என்னதான் ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் வண்டி முக்கும், நகராது.

பிரேக்கை விடுவிக்க டோபமைனின் ஏற்பியை அடைக்க வேண்டும். பீட்டரும் சீனாவின் லின் ஹாவ்ரானும் சேர்ந்து மூளை உத்தரவின் செயற்கை வடிவத்தோடு டோபமைன் தடுப்பானைக் கலந்து கொடுக்கும் முறையை 1980-களில் உருவாக்கினார்கள். இரண்டு பேர் பெயரையும் ஒட்டி லின்பே முறை. இதன்படி கனடாவிலிருந்து வந்த ஓவாப்ரிம் என்ற மருந்தில் இருக்கும் தடுப்பான் எது தெரியுமா? டாம்பெரிடோன். நம் வீட்டு மருந்து டப்பாவில் தேடிப் பாருங்கள், வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் அதே டாம்பெரிடோன். மனிதர்களில் அது பெரும்பாலும் மூளைக்குள் நுழைவதில்லை. பிட்யூட்டரி மூளையின் காவல் சுவருக்கு வெளியே இருப்பதால் அங்கே அதற்கு வேலை உண்டு. அந்த மாத்திரையால் சிலருக்குத் தாய்ப்பால் ஹார்மோன் ஏறுவது இதனால்தான். (மீன் தொட்டியில் மாத்திரையைக் கரைத்துப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள், ப்ளீஸ்!)

இங்கேதான் மும்பை வருகிறது. கனடா மருந்து நம் பண்ணைக்காரர்களுக்குக் கையைக் கடித்தது. இங்கேயே இருக்கும் மருந்துக் கம்பெனிகள் இறங்கின. ஹெம்மோ என்ற மும்பைக் கம்பெனி ஓவாடைட் என்ற பெயரிலும், வொக்கார்ட் வோவா-எஃப்.எச். என்ற பெயரிலும் இதே வகை மருந்தைக் கொண்டுவந்தன. இரண்டு ஊசி ஒரு ஊசியானது, சுரப்பியைத் தேடி மீன் தலைக்கு அலைவதும் குறைந்தது. பழைய முறைக்கும் புதிய முறைக்கும் வித்தியாசம் இதுதான்: பிட்யூட்டரி ஊசி மீனின் மூளையைத் தாண்டிக் குதித்துச் சினைப்பையிடம் நேராகப் பேசியது. புதிய ஊசி மீனின் சொந்தப் பிட்யூட்டரியையே எழுப்பி, "உன் ஹார்மோனை நீயே விடு" என்கிறது. எந்தச் சந்தையில் கிடைத்த சுரப்பி, முற்றியதா இளசா என்ற குழப்பம் இதில் இல்லை.

வெர்சோவாவில் கடலோரம் இருக்கும் மத்திய மீன்வளக் கல்வி நிலையத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 1961-ல் ஆரம்பித்து 1989-லிருந்து நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். 1980-களின் ஆரம்பத்தில் எஸ்.என்.துவிவேதி காலத்தில் அங்கே உருவான டி-80 என்ற பொரிப்பக அமைப்பில் தண்ணீரைக் குளிரவைத்து, காற்றேற்றி, ஓடவிட்டுக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். அதே சமயத்தில் சீன பாணி வட்டத் தொட்டியும் நாடெங்கும் பரவியது. அதில் தண்ணீர் சுழன்று சுழன்று ஓடும், மேலிருந்து ஷவர் தூறும். ஊசிதான் போட்டாயிற்றே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஊசி போட்ட பிறகும் ஓட்டமும் தூறலும் இருந்தால் மீன் நன்றாகக் கூடுகிறது, முட்டையும் நன்றாகப் பொரிகிறது. ஆற்றின் ஞாபகத்தை ஊசி முழுக்க அழித்துவிடவில்லை.

(பரேலில் இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த டி.சி.ஆனந்த் குமார், அதற்கு முன் 1970-களில் குரங்குகளின் மூக்கில் ஹார்மோனைத் தெளித்து அது மூளைக்குப் போகிறதா என்று ஆராய்ந்தவர். 1986-ல் கே.இ.எம். ஆஸ்பத்திரியின் சோதனைக் குழாய்க் குழந்தைக்குப் பின்னால் இருந்தவரும் அவரே. அந்தக் கதைக்குத் தனிப் பதிவு வேண்டும்.)

எல்லாம் நன்மைதானா என்றால், இல்லை. ஆற்றங்கரையில் குஞ்சு அள்ளிப் பிழைத்த குடும்பங்களின் தொழில் தேய்ந்து போனது. ரயிலில் பானை குலுக்கிய ஆளுக்கு எந்த தினமும் கிடையாது. பண்ணையிலும் ஒரு சிக்கல் வந்தது. கிலோவுக்கு இரண்டு லட்சம் முட்டை என்றால், பத்து இருபது தாய் மீனை வைத்துக்கொண்டே ஒரு தாலுகாவுக்குக் குஞ்சு கொடுத்துவிடலாம். கொடுத்தார்கள். அண்ணன் தங்கை, சித்தப்பா மகள் என்று திரும்பத் திரும்ப அதே குடும்பத்துக்குள் கூட வைத்ததில் வளர்ச்சி குன்றியது. கர்நாடகப் பொரிப்பகங்களை ஆராய்ந்த ஏக்நாத், டாயில் இருவரும் 1990-லேயே இதை எழுதி எச்சரித்தார்கள். கட்லாவையும் ரோகுவையும் ஒரே தொட்டியில் ஊசி போட்டு விட்டதில் கலப்பினங்களும் வந்தன. ஆற்றில் இந்த மீன்கள் யாரோடு கூடுவது என்று தாமே பார்த்துக்கொள்ளும். தொட்டியில் ஊசிபோட்டு ஒரே நேரத்தில் எல்லோருக்கும் கிறுக்குப் பிடிக்க வைத்தால் தேர்வுக்கு ஏது இடம்?

இதைச் சரிசெய்ய புவனேஸ்வரம் நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் நார்வேக்காரர்களோடு சேர்ந்து, வெவ்வேறு ஆறுகளின் ரோகுவைக் கொண்டுவந்து கலந்து தேர்ந்தெடுத்தார்கள். 1997-ல், சுதந்திரப் பொன்விழா வருஷத்தில் வெளிவந்ததால் ஜெயந்தி ரோகு என்று பெயர். அதாவது பண்ணை மீனைக் காப்பாற்ற மறுபடி ஆற்றுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டுக்கும் இதில் கதை உண்டு. கட்லா காவிரிக்குச் சொந்தக்கார மீன் இல்லை, பழைய மதராஸ் மீன்துறை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டதுதான். நம்மைப் போலவே பிழைக்கப் போன ஊரில் நன்றாகத் தழைத்துவிட்டது. இன்றைக்கு மேட்டூர், பவானிசாகர் அரசுப் பண்ணைகளில் ஊசி போட்டுக் குஞ்சு பொரித்து ஏரி குளங்களுக்கு அனுப்புகிறார்கள். ஊரில் குளம் ஏலம் எடுக்கிறவர்கள் பாலித்தீன் பையில் ஆக்ஸிஜன் அடைத்துக் குஞ்சு வாங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பை மேல் எந்த மீன் என்று எழுதியிருக்கும், உள்ளேயும் அநேகமாக அதுவே இருக்கும்.

ஹீராலால் சௌத்ரி 2014 செப்டம்பரில் கல்கத்தாவில் காலமானார், 92 வயது. அலிக்குஞ்ஞி பெயரைப் பொதுவாக அவருக்கு அடுத்துச் சொல்வார்கள். 1959-ல் இந்தியாவுக்கு வந்த சீன வெள்ளிக் கெண்டையையும் புல் கெண்டையையும் 1962-ல் கட்டாக்கில் முதன்முதலாக முட்டையிட வைத்ததில் அலிக்குஞ்ஞியோடு சுகுமாரன், பரமேஸ்வரன் என்று இருவர் இருந்தார்கள். அந்த மீன்களுக்கு ஊசி போட்டும் தாமாகக் கூடும் எண்ணம் வரவில்லை. வயிற்றை அழுத்தி முட்டையைப் பிதுக்கி, விந்தைக் கலந்து, கோழி இறகால் கலக்கிவிட வேண்டியிருந்தது. பல பண்ணைகளில் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள்.